எட் ரீடா, பொலமாலுவா: இரண்டு சேஃப்டிகளை ஒப்பிடுவது எப்படி

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் சேஃப்டியாக ஆடிய எட் ரீடையும் ட்ராய் பொலமாலுவையும் ஒப்பிட உட்காருகிறவர்கள் முதலில் இன்டர்செப்ஷனைத்தான், அதாவது எதிரணி எறிந்த பந்தை இடையில் பிடித்ததைத்தான், எண்ணுவார்கள். ரீடுக்கு 64, பொலமாலுவுக்கு 32. சரியாகப் பாதி. அதோடு பேச்சு முடிந்தது என்று எழுந்து போகப் பார்த்தால், பிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் கொழுந்தன் விடமாட்டான். "அண்ணி, ரெண்டு பேரும் எங்க நின்னாங்கன்னு முதல்ல சொல்லுங்க, எண்ணிக்கைய அப்புறம் பேசலாம்" என்பான். நான் பால்டிமோர் பக்கம் குடியிருப்பவள், ஞாயிற்றுக்கிழமை ரீட் ஆடிய ரேவன்ஸ் அணியின் ஊதா ஜெர்சி போடுகிறவள். அவன் பொலமாலு ஆடிய ஸ்டீலர்ஸ் பைத்தியம். ஆனாலும் அவன் கேட்பது சரியான கேள்வி. ஒப்பீட்டை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கையும் புள்ளி தரும் டச்டவுனையும் மட்டும் பார்த்துப் பழகிவிட்டு, இப்போது எதிர்ப்பக்கம் நிற்பவர்களையும் கவனிக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த இரண்டு பேரை எடுத்தாலும் வழி இதுதான். இந்த ஜோடியை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும் என்பதால் இவர்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஜோடி பொருந்துகிறதா என்று பாருங்கள்

டிஃபென்சிவ் பேக் என்பது ஒரே வேலைக்கான பெயர் இல்லை. கடைசி வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் அது பொதுப்பெயர். ஓரங்களில் நிற்கும் கார்னர்பேக் பெரும்பாலும், எறிந்த பந்தைப் பிடிக்க ஓடும் ஒரு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அவர் போகும் இடமெல்லாம் போவார். நடுவில், பின்னால் நிற்கும் சேஃப்டி மொத்த ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே ஓடுவார். ஒரு கார்னரையும் ஒரு சேஃப்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிக்கை பார்ப்பது வீண் வேலை.

கார்னர்களுக்குள்ளேயே எண்ணிக்கை ஏமாற்றும். டியான் சாண்டர்ஸுக்கு 53 இன்டர்செப்ஷன், டாரெல் ரீவிஸுக்கு 29. ஆனால் 2009இல் ஜெட்ஸ் அணியில் ரீவிஸ் ஆடியதைப் பார்த்தவர்கள் 29ஐ வைத்து அவரை எடை போடமாட்டார்கள். ஆண்ட்ரே ஜான்சன், ரேண்டி மாஸ் போன்ற பெரிய ரிசீவர்களை ஒவ்வொரு வாரமும் அவரிடம் தனியாக விட்டார்கள். அவர் நின்ற பக்கம் பந்தே வரவில்லை என்றால் பிடிப்பது எப்படி? கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஜான்டி ரோட்ஸ் நின்ற பக்கம் தட்டிவிட்டு யாரும் துணிந்து ரன் ஓடமாட்டார்கள், அந்த ஓடாத ரன் எந்தக் கணக்கிலும் ஏறாது.

காலமும் பொருந்த வேண்டும். டிக் லேன் 1952இல், தன் முதல் சீசனில், 12 ஆட்டங்களில் 14 இன்டர்செப்ஷன் எடுத்தார். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. ஆனால் அன்றைய விதிகள் வேறு, பந்தை எறிந்த விதமே வேறு. ரீடுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி என்ன சொல்ல முடியும்?

ரீடும் பொலமாலுவும் எல்லா வகையிலும் பொருந்துகிறார்கள். ரீடை 2002 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) 24ஆவது ஆளாக ரேவன்ஸ் எடுத்தது. அடுத்த வருடம் ஸ்டீலர்ஸ், கேன்சஸ் சிட்டியோடு பேசி 27ஆவது இடத்திலிருந்து 16க்கு ஏறி வந்து பொலமாலுவை எடுத்தது. இருவரும் ஆளுக்கு 12 சீசன் ஆடினார்கள். இரண்டு அணிகளும் ஒரே பிரிவு என்பதால் வருடத்துக்கு இரண்டு முறை நேருக்கு நேர் மோதும். அதே சின்சினாட்டி, அதே கிளீவ்லாண்ட் இருவருக்கும் எதிரே வரும். டிசம்பர் குளிரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருது ரீடுக்கு 2004இல், பொலமாலுவுக்கு 2010இல். ஹால் ஆஃப் ஃபேமில் இருவரையும் தகுதி வந்த முதல் வருடமே சேர்த்தார்கள், ரீட் 2019, பொலமாலு 2020. இப்படிப்பட்ட ஜோடி லேசில் அமையாது.

பந்தைப் பார்க்காதீர்கள்

இதுதான் கஷ்டமான பாடம். டிவி கேமரா பந்தோடு போகும். ஸ்னாப் ஆகும்போது, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது, ஆழத்தில் நிற்கும் சேஃப்டி பெரும்பாலும் படத்திலேயே இருக்கமாட்டார். திடீரென்று எங்கிருந்தோ வந்து பந்தைப் பறிப்பார், வர்ணனையாளர் கத்துவார், அவர் எப்படி அங்கே வந்தார் என்பது நமக்குத் தெரியாது. ஒப்பிட வேண்டியது அந்த "எப்படி"யைத்தான்.

22 பேரும் படத்துக்குள் வரும்படி உயரத்திலிருந்து எடுக்கும் படத்தை ஆல்-22 என்பார்கள். பயிற்சியாளர்கள் மட்டும் பார்த்துவந்த அதை 2012இலிருந்து பொதுமக்களும் காசு கட்டிப் பார்க்கலாம் என்று என்எஃப்எல் திறந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆட்டங்களுக்கு, மைதானத்தின் கோடியில் இருக்கும் எண்ட் ஸோன் பக்கத்திலிருந்து காட்டும் ரீப்ளேதான் கை கொடுக்கும். அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் கவனித்தால் போதும்: ஸ்னாபுக்கு முன் எங்கே நின்றார், ஸ்னாப் ஆனதும் முதல் இரண்டு அடி எந்தப் பக்கம் வைத்தார், அந்த நேரத்தில் குவார்ட்டர்பேக் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்கலான பழைய வீடியோவிலும் பொலமாலுவைக் கண்டுபிடிப்பது சுலபம். 43ஆம் எண்ணை மறைக்கிற அளவுக்கு முடி தொங்கும். 2006இல் கேன்சஸ் சிட்டியின் லாரி ஜான்சன் அந்த முடியைப் பிடித்தே அவரைக் கீழே இழுத்தார். பிறகு ஒரு ஷாம்பு கம்பெனி அதைப் பத்து லட்சம் டாலருக்கு இன்ஷூர் செய்தது. 20ஆம் எண் ரீடைத்தான் தேட வேண்டியிருக்கும்.

தேடினால் என்ன தெரியும்? ரீட் பல ஆட்டங்களில் தனியாளாக நடுவில், வெகு பின்னால் நிற்பார். அவருக்கு முன்னால் ரே லூயிஸ், டெரல் சக்ஸ் எல்லாம் குவார்ட்டர்பேக்கை விரட்டிக்கொண்டிருப்பார்கள். ரீட் அவசரமே இல்லாமல் நிற்பார். வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்து நின்று, "அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, எறி" என்று அழைப்பார். குவார்ட்டர்பேக்கின் தோள் திரும்பும் அந்த நொடியில் கிளம்பி எதிர்ப்பக்கம் ஓடுவார். தூண்டில் போடுவது என்றால் அதுதான். எதிரணியின் பழைய ஆட்டங்களை ரீட் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்ப்பார் என்பது அவரோடு ஆடிய எல்லோரும் சொல்லும் விஷயம். அப்போது நியூ இங்கிலாந்து அணியின் பயிற்சியாளராக இருந்த பில் பெலிச்செக் எதிரணி வீரர்களை லேசில் புகழமாட்டார், ரீட் என்றால் மட்டும் அவருக்கு வாய் ஓயாது.

பொலமாலுவின் கதையே வேறு. ஸ்டீலர்ஸின் தற்காப்பை 2004இலிருந்து நடத்தியவர் டிக் லெபோ. அவரே ஒரு காலத்தில் டெட்ராய்ட்டுக்கு ஆடி 62 இன்டர்செப்ஷன் எடுத்தவர். யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்று எதிரணிக்குக் கடைசிவரை தெரியவிடாத ஸோன் பிளிட்ஸ் அவருடைய கைவேலை. அந்தத் திட்டத்தில் பொலமாலு எங்கே வேண்டுமானாலும் நிற்பார். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களுக்கு நடுவில் நிற்பார். ஓரத்தில் குனிந்து நிற்பார். சில நேரம் முன்வரிசைக்கே வந்துவிட்டு, ஸ்னாபுக்குச் சற்று முன் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடுவார். குவார்ட்டர்பேக் அவர் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்த பிறகும், அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாது.

2010 செப்டம்பரில் டென்னசியில் நடந்த ஆட்டம் ஒன்று போதும். ஆட்டம் முடியும் நேரம், டென்னசியின் டைட்டன்ஸ் அணி டச்டவுன் கோட்டுக்கு மிக அருகில். அவர்களின் குவார்ட்டர்பேக் கெர்ரி காலின்ஸ் பந்தை வாங்கிக்கொண்டு தானே நுழையலாம் என்று கணக்குப் போட்டார். பந்து அவர் கைக்கு வருவதும் பொலமாலு இரண்டு வரிசைகளுக்கும் மேலே தாவி அவர் தோளில் விழுவதும் ஒரே நேரத்தில் நடந்தது. அரை நொடி முந்தியிருந்தால் ஆஃப்சைடு பெனால்டி. அரை நொடி பிந்தியிருந்தால் டச்டவுன். இப்படி ஒன்றை ரீட் செய்து நான் பார்த்ததில்லை. அவரை அங்கே நிறுத்தவும் மாட்டார்கள்.

இப்போது எண்களை எடுங்கள்

எங்கே நின்றார்கள் என்று தெரிந்த பிறகுதான் எண்ணுக்கு அர்த்தம் வரும். புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். மொத்தத்தைப் பார்க்காமல் ஆட்டக் கணக்கில் வகுத்துக்கொள்ளுங்கள்.

ரீட் 174 ஆட்டத்தில் 64, அதாவது மூன்று ஆட்டத்துக்குள் ஒன்று. பொலமாலு 158 ஆட்டத்தில் 32, ஐந்து ஆட்டத்துக்கு ஒன்று. பிடித்த பந்தோடு ஓடிய தூரத்தையும் பாருங்கள். ரீட் 1,590 யார்டு, அது என்எஃப்எல் சாதனை. பொலமாலு 398. ஒரு பந்துக்கு ரீட் கிட்டத்தட்ட 25 யார்டு, பொலமாலு 12க்குக் கொஞ்சம் மேல். எண்ணிக்கையில் இருக்கும் இரட்டை வித்தியாசம் தூரத்திலும் அப்படியே இருக்கிறது. இதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. ரீட் பந்தைப் பிடிக்கும்போது அவருக்கு முன்னால் மைதானம் திறந்து கிடக்கும், எல்லோரும் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். முன்வரிசைக்குப் பக்கத்தில் பிடிக்கிற பொலமாலுவுக்கு முன்னால் ஆட்கள் குவிந்து நிற்பார்கள். நின்ற இடத்தின் வித்தியாசமும் இந்த எண்ணுக்குள் இருக்கிறது.

2004இல் கிளீவ்லாண்டுக்கு எதிராக 106 யார்டு ஓடி ரீட் சாதனை வைத்தார். 2008 நவம்பரில் பிலடெல்பியாவுக்கு எதிராக அதை அவரே முறித்தார். அந்த ஊர் அணியான ஈகிள்ஸ் டச்டவுனுக்கு ஒரு யார்டு தொலைவில் இருந்தது. கெவின் கோல்ப் எறிந்த பந்தை எண்ட் ஸோனின் ஆழத்தில் பிடித்த ரீட், அங்கேயே முட்டி போட்டிருந்தால் பந்து 20 யார்டு கோட்டில் ரேவன்ஸுக்குக் கிடைத்திருக்கும். பத்திரமான முடிவு அதுதான். அவர் வெளியே ஓடிவந்து மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தார். 108 என்று முதலில் எழுதி, பிறகு 107 என்று திருத்தினார்கள். அதுதான் இன்றைக்கும் மிக நீண்ட இன்டர்செப்ஷன் ஓட்டம். ரீட் எப்போதும் அப்படித்தான். பிடித்த பந்தை ஓட்டத்தின் நடுவில் பின்னால் வரும் கூட்டாளிக்குத் தூக்கிப் போடுவார், நமக்கு நெஞ்சு படபடக்கும். சில தடவை அது கைநழுவியும் போயிருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், குவார்ட்டர்பேக்கை வீழ்த்திய சாக் கணக்கில் பொலமாலுவுக்கு 12, ரீடுக்கு 6. 2005இல் ஹூஸ்டனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மட்டும் பொலமாலு 3 எடுத்தார். ஒரு சேஃப்டி அப்படி எடுப்பது அபூர்வம். பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துத் தள்ளும் டேக்கிள் எண்ணிக்கையை நான் தொடுவதில்லை, நீங்களும் தொடவேண்டாம். அது என்எஃப்எல்லின் அதிகாரபூர்வக் கணக்கு இல்லை, ஒவ்வொரு மைதானத்திலும் எண்ணுகிறவர் கைக்கு ஏற்ப மாறும். சாக் 1982இலிருந்து அதிகாரபூர்வம், அதை நம்பலாம்.

விழுந்த பந்தா, பறித்த பந்தா

எல்லா இன்டர்செப்ஷனும் ஒரே விலை இல்லை. ஒவ்வொன்றையும் ஓட்டிப்பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். 2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுலில் (லீகின் இறுதி ஆட்டம்) ரீட் ஒரு பந்தைப் பிடித்தார். சான் ஃபிரான்சிஸ்கோவின் காலின் கேபர்னிக் ரேண்டி மாஸின் தலைக்கு மேலே எறிந்துவிட்டார், பின்னால் நின்ற ரீட் கைக்கு அது நேராக வந்தது. சொந்த மாநிலமான லூயிசியானாவில், 34-31 என்று ஜெயித்த இரவில் பிடித்தது, எனக்கு உயிர். ஆனாலும் அது விழுந்த பந்துதான்.

2009 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நடந்த கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் (சூப்பர் பவுலுக்கு முந்தைய சுற்று) பொலமாலு எடுத்தது பறித்த பந்து. ஸ்டீலர்ஸ் 16-14 என்று முன்னால். ஐந்து நிமிடம்கூட இல்லை. எங்கள் குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோ அப்போது முதல் சீசன் ஆடும் பையன். அவர் டெரிக் மேசனுக்கு எறிய, அந்தப் பாதையை முன்கூட்டியே படித்துவிட்ட பொலமாலு இடையில் புகுந்து எடுத்து, 40 யார்டு வளைந்து வளைந்து ஓடி டச்டவுன் வைத்தார். 23-14. இரண்டு வாரம் கழித்து ஸ்டீலர்ஸ் சூப்பர் பவுலும் ஜெயித்தது.

இப்படிப் பிரித்தபிறகும் ரீட் பக்கம்தான் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். ஆனால் 64க்கு 32 என்ற அந்தத் தூரம் சுருங்கும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், சும்மா சொல்லக்கூடாது.

கணக்கில் ஏறாதவை

இண்டியானாபோலிஸ் அணியின் பேட்டன் மேனிங்கை வைத்து இரண்டு ஆட்டம் சொல்கிறேன். ஒரே குவார்ட்டர்பேக், அடுத்தடுத்த இரண்டு ஜனவரி.

2006 ஜனவரி, இண்டியானாபோலிஸ். ஆட்டம் முடியும் தறுவாயில் மேனிங் எறிந்ததைப் பொலமாலு பாய்ந்து பிடித்தார், உருண்டார், எழுந்தார். எழும்போது முட்டி பட்டுப் பந்து நழுவியது, மறுபடி எடுத்துக்கொண்டார். நடுவர் ரீப்ளே பார்த்துவிட்டு, அது பிடிப்பே இல்லை என்று அறிவித்தார். மறுநாள் என்எஃப்எல்லே அந்தத் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டது. ஸ்டீலர்ஸ் எப்படியோ தட்டுத்தடுமாறி 21-18 என்று ஜெயித்தது. ஆனால் பதிவேட்டில் அந்த இன்டர்செப்ஷன் கிடையாது. கொழுந்தன் இதைச் சொல்லாத தீபாவளி இல்லை.

2007 ஜனவரி, பால்டிமோர். அதே மேனிங்கிடம் ரீட் இரண்டு பந்து பறித்தார். இரண்டும் பதிவேட்டில் இருக்கின்றன. இண்டியானாபோலிஸ் ஒரு டச்டவுன்கூட வைக்கவில்லை, ஆடம் வினட்டியேரி ஐந்து ஃபீல்டு கோல் உதைத்தார், 15-6 என்று நாங்கள் தோற்றோம். தற்காப்பு இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

ஆக ஒரு பக்கம் ஏறாத பந்தும் வெற்றியும், இன்னொரு பக்கம் ஏறிய இரண்டு பந்தும் தோல்வியும். வெறும் பட்டியலில் இது எதுவும் தெரியாது. பெரிய ஆட்டங்களுக்காவது முழு ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஆள் இல்லாதபோது அணி என்ன ஆனது

காயம் பட்ட சீசன்கள் ஒப்பிடுகிறவருக்கு நல்ல வாய்ப்பு. 2009 தொடக்க ஆட்டத்தில் பொலமாலு ஒற்றைக் கையால் ஒரு பந்தைப் பிடித்தார், அதே முதல் பாதியிலேயே முழங்காலும் போனது. அந்த வருடம் மொத்தம் 5 ஆட்டம்தான் ஆடினார். முந்தைய சாம்பியனான ஸ்டீலர்ஸ் 9-7 என்று (9 வெற்றி, 7 தோல்வி) முடித்து, சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபுக்கே போகவில்லை. விட்ட புள்ளி 324. அடுத்த வருடம் அவர் 14 ஆட்டம் ஆடினார். அணி 12-4. விட்ட புள்ளி 232தான், லீகிலேயே மிகக் குறைவு. சூப்பர் பவுல் வரை போனார்கள்.

இதை அப்படியே தூக்கிப் பொலமாலு கணக்கில் வைத்துவிடாதீர்கள். 2009இல் டிஃபென்சிவ் எண்ட் ஏரன் ஸ்மித்தும் காயத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆள் இல்லாதபோது வேறு யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும். இருந்தாலும் அந்த சீசனில் கடைசிக் கால்பகுதியில் கையிலிருந்த ஆட்டத்தை அவர்கள் நழுவவிட்ட விதத்தைப் பார்த்தால், என்ன குறைந்தது என்று புரியும்.

ரீடுக்கு அந்தச் சோதனை 2010இல் வந்தது. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து முதல் ஆறு ஆட்டம் ஆடவில்லை. ரேவன்ஸ் அதில் 4-2. அவர் வந்த பிறகு 8-2. மிச்சமிருந்த 10 ஆட்டத்தில் 8 இன்டர்செப்ஷன் எடுத்து, ஆறு ஆட்டம் குறைவாக ஆடியும் லீகில் முதலிடம் பிடித்தார். கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அவர் திரும்பி வந்த முதல் ஆட்டம் பஃபலோவுக்கு எதிராக. இரண்டு பந்து பிடித்தார், சரி. அதே ஆட்டத்தில் ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக் நான்கு டச்டவுன் எறிந்தார், கூடுதல் நேரம் வரை போய் 37-34 என்றுதான் ஜெயித்தோம். பிடித்த இரண்டை மட்டும் பார்த்தால் அன்றைக்குத் தற்காப்பு பிரமாதம் என்று நினைப்பீர்கள்.

அந்த வருடத்தின் சிறந்த தற்காப்பு வீரர் விருது பொலமாலுவுக்குப் போனது. அவருக்கு 7 இன்டர்செப்ஷன், ரீடுக்கு 8. பால்டிமோரில் இன்னும் சிலர் இதைச் சொல்லிப் பொருமுவார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் சண்டை இல்லை. காரணம் டிசம்பர் 5 ஞாயிறு இரவு.

எங்கள் ஊர் மைதானம். ரேவன்ஸ் 10-6 என்று முன்னால், மிச்சம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். பந்து எங்களிடம். இன்னும் ஒரு முறை முதல் டவுன் எடுத்து, அதாவது தேவையான தூரம் முன்னேறிப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டால், கடிகாரத்தை ஓட்டிவிடலாம். ஃப்ளாக்கோ எறிவதற்காகப் பின்வாங்கினார். ஓரத்திலிருந்து பொலமாலு கிளம்பினார், அவரைத் தடுக்க ஒருவரும் இல்லை. ஃப்ளாக்கோவுக்கு அவர் வருவது தெரியவே இல்லை. கை முன்னால் வரத் தொடங்கும்போது அந்தக் கையிலேயே தட்டினார். பந்து தரையில் குதித்தது, லமார் வுட்லி பொறுக்கிக்கொண்டு ஓடினார். சற்று நேரத்தில் ஐசக் ரெட்மன் டச்டவுன் வைத்தார். 13-10.

அந்த சீசனில் இரண்டு அணிகளும் 12-4. பிரிவின் முதலிடம் ஸ்டீலர்ஸுக்குப் போனது. அன்று ஜெயித்திருந்தால் நாங்கள் 13-3, முதலிடமும் வீட்டு மைதான பிளேஆஃபும் எங்களுக்கு. மாறாக ஜனவரியில் பிட்ஸ்பர்க் போய் 31-24 என்று தோற்று வந்தோம். பதிவேட்டில் அந்தத் தட்டு ஒரே ஒரு சாக், கைநழுவிய பந்துக்கு ஒரே ஒரு ஃபம்பிள். 64-32 பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

சரி, யார் பெரியவர்?

"யார் பெரியவர்" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எதற்கு வேண்டும் என்று கேளுங்கள்.

மற்ற பத்து பேர் யார், பயிற்சியாளர் யார் என்றே தெரியாத ஒரு அணிக்கு ஒரு சேஃப்டி வேண்டும் என்றால் நான் ரீடைத்தான் எடுப்பேன். ஆழத்தில் நடுப்பகுதியைத் தனியாளாகக் காக்கத் தெரிந்தவர் எந்தத் திட்டத்துக்கும் பொருந்துவார். ரீடுக்கு மேலே இருந்த தற்காப்புப் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மைக் நோலன், ரெக்ஸ் ரயன், கிரெக் மேட்டிசன், சக் பகானோ, டீன் பீஸ் என்று பால்டிமோரில் மட்டும் ஐந்து பேர். யார் வந்தாலும் ரீட் பந்தைப் பறித்துக்கொண்டுதான் இருந்தார். பொலமாலு ஆடிய காலம் ஏறக்குறைய முழுவதும் லெபோவின் கையில். நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்த நேரத்தில் பாயலாம் என்ற அந்த உரிமையை வேறு எத்தனை பேர் தந்திருப்பார்கள்? அவர் தப்புக்கணக்குப் போட்டால் பின்னால் மூடுவதற்கு ஸ்டீலர்ஸின் இன்னொரு சேஃப்டி ரயன் கிளார்க் போல ஒரு ஆளும் வேண்டும்.

லெபோவே பயிற்சியாளர், முன்வரிசையும் பலம், கடைசி நான்கு நிமிடம், எதிரணி கையில் பந்து என்றால் பொலமாலு. இதைச் சொல்வதற்கு எனக்கு வாய் வலிக்கிறது.

கொழுந்தனுக்கு இந்தத் தீர்ப்பு பாதிதான் திருப்தி. "உரிமை குடுத்தாங்கன்னு சொல்றீங்களே அண்ணி, எல்லாருக்கும் குடுப்பாங்களா? அவருக்குத்தானே குடுத்தாங்க" என்கிறான். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என்எஃப்எல் தன் நூறாவது ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்த எல்லாக் காலத்துக்குமான அணியில் ரீட் இருக்கிறார், பொலமாலு இல்லை என்று நான் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டான். விருதையும் பட்டியலையும் ஆதாரமாகக் காட்டுவது ஒப்பீட்டில் கடைசி வேலை, ஆனாலும் நானே அதைச் செய்கிறேன். குடும்பச் சண்டைக்கு விதி தளரும்.

இதே வழியில் உங்கள் கையால் ஒன்று செய்துபார்க்க விரும்பினால் பிரையன் டாக்கின்ஸையும் ஜான் லிஞ்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் சேஃப்டி, காலமும் ஏறக்குறைய ஒன்று, இருவரும் கடைசியில் டென்வரில் ஆடியவர்கள். இன்டர்செப்ஷன் டாக்கின்ஸுக்கு 37, லிஞ்சுக்கு 26. அதை ஒரு ஓரமாகக் குறித்துவைத்துவிட்டு, பிலடெல்பியாவில் தற்காப்புப் பயிற்சியாளர் ஜிம் ஜான்சன் டாக்கின்ஸை எங்கிருந்தெல்லாம் பாயவிட்டார், டம்பா பேயில் அங்கே அதே பொறுப்பில் இருந்த மான்ட்டி கிஃபினின் திட்டத்தில் லிஞ்ச் எந்தப் பகுதியைக் காத்தார் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.